ஈஸ்வரியைக் கேட்காமல் எடுக்கக் கூடாத வரி

சென்ற திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் விக்னேஷ். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தேனி மென்பொருள் நிறுவனத்தில் இப்போது புரோகிராமர். நான் வெளியேறிய பிறகு சேர்ந்தவர். முகம் பார்த்ததில்லை.

“சார், ரத்தப் பரிசோதனை புரோகிராம்ல ஒரு யூனிட்டுக்கு மேல நீங்க ஒரு வரி போட்டு, பக்கத்துல குறிப்பும் எழுதியிருக்கீங்க. அந்த வரி இருந்தா கம்பைல் ஆக மாட்டேங்குது. போன வாரம் வரைக்கும் ஆச்சு. எடுத்துரலாமா?”

“குறிப்புல என்ன இருக்கு, வாசிங்க.”

“‘இந்த வரியை எடுக்க நினைப்பவர் முதலில் ஈஸ்வரியைக் கேட்கவும்’னு இருக்கு சார்.”

“கேட்டீங்களா?”

“இங்க ஈஸ்வரின்னு யாரும் இல்லையே சார். பழைய ஸ்டாஃப் லிஸ்ட்டெல்லாம் தேடிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. ஈஸ்வரி யார் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போகும்படி பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். “நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னேன். முழுவதும் சொல்ல இந்தக் கட்டுரை.

என் படிப்புக் கதை நீளமில்லை. உத்தமபாளையத்தில் கணிதம், பிறகு மதுரையில் ஆறு மாதக் கணினி வகுப்பு. இருபத்திரண்டு பேருக்கு இரண்டு கணினி. பாஸ்கல் மொழியைக் கரும்பலகையில்தான் கற்றோம். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர்; ஆசிரியரே அதுவாக நின்று பிழை சொல்லுவார். அப்போதிலிருந்தே நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எந்தக் கிழமை மழை, பெரியாறு அணையில் எவ்வளவு தண்ணீர், எந்தப் புரோகிராமில் எதை மாற்றினேன், எல்லாம் அதில் இருக்கும். கீழே வரும் கிழமைகளும் நேரங்களும் அந்த நோட்டுகளிலிருந்து எடுத்தவை. என் நினைவை நான் நம்புவதில்லை. அது எனக்குச் சாதகமாகவே பேசும்.

எங்கள் நிறுவனம் கெங்குவார்பட்டியிலிருந்து கூடலூர் வரை பதினேழு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தது. ரத்த அணுக்களை எண்ணும் கருவி, முடிவைக் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். முதலில் ஒரு வரியில், ரத்தம் எடுத்து வைத்த ட்யூபின் எண்ணைச் சொல்லும். அடுத்தடுத்த வரிகளில் ஹீமோகுளோபின் இவ்வளவு, வெள்ளணு இவ்வளவு, கடைசியாக, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போகும். எங்கள் புரோகிராம் அதைப் பிரித்து அந்த எண்ணுக்குரிய நோயாளியின் பெயரில் சேர்க்கும். அப்படிப் பிரித்துப் படிக்கும் யூனிட்டை, அதாவது புரோகிராமின் அந்தத் தனிப் பகுதியை, எழுதியவர் எங்கள் மேலாளர்.

மேலாளர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது கேள்வி கேட்டால் மேஜை மேல் இருக்கும் வறுத்த கடலையில் நாலைந்தை எடுப்பார். உள்ளங்கையில் தேய்ப்பார். தோலை ஊதுவார். ஒவ்வொன்றாக மென்று முடித்த பிறகுதான் பதில் வரும். அதற்குள் கேட்டவனுக்குத் தன் கேள்வி மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

வாடிக்கையாளருக்குப் போகும் பதிப்பை அவர் அறையில் இருக்கும் ஒரு கணினியில் மட்டுமே கம்பைல் செய்ய வேண்டும். அதை அவர் மட்டுமே தொடுவார். மாலையில் துணி போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கம்பைலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு ஒன்று அதில் இருந்தது. எச்சரிக்கைகள் அனைத்தையும் அதில் அணைத்து வைத்திருந்தார்.

“கம்பைலரு தொணதொணன்னு பேசிக்கிட்டேதான்யா இருக்கும். ஓடுற பஸ்ஸ நிப்பாட்டி டயரை எண்ணிக்கிட்டா இருப்பாக?” என்பார்.

தன் யூனிட்டின் மூல நிரலையும் அந்தக் கணினியை விட்டு அவர் வெளியே விட்டதில்லை. எங்களுக்குக் கொடுத்தது கம்பைல் ஆன வடிவம் மட்டும். பயன்படுத்தலாம், உள்ளே பார்க்க முடியாது. பாஸ்கலில் இது நடக்கும் காரியம்தான். சமையலறைக்குள் விடாமல் சாப்பாட்டை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டுவது போல.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஃபாரம் உண்டு. பதினான்கு கட்டங்கள். எதை எப்படிச் சோதித்தோம் என்று ஒவ்வொன்றிலும் டிக் போட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். அந்த ஃபாரத்தை வடிவமைத்தவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சின்னமனூரில் ஒரு கூடம். அங்கே காய்ச்சல் காலத்தில் கூட்டம் தாங்காமல் இரண்டாவதாக ஒரு அணு எண்ணும் கருவி வாங்கினார்கள். பழையது மெதுவாகப் பேசும். புதியது வேகமாகப் பேசும். இரண்டையும் ஒரே கணினியில் இணைக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு புரோகிராமுக்குள்ளேயே இரண்டு ஓட்டங்கள், கருவிக்கு ஒன்று, ஒரே சமயத்தில் நடக்கும்படி எழுதினேன். த்ரெட் என்று சொல்வோம். இரண்டு பேர் ஒரே அறையில் வேலை செய்வது போன்றது. அறையில் இருக்கும் பொருளில் எது யாருக்கு என்று பிரித்து வைக்காவிட்டால் விபரீதம்.

பாஸ்கலில் ஒரு பழைய குறுக்கு வழி உண்டு. சாதாரணமாக ஒரு செயற்கூறு, அதாவது புரோகிராமின் ஒரு சிறு துண்டு, வேலையை முடித்ததும் அது குறித்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட விதமாக அறிவித்தால் மட்டும், துடைக்காத சிலேட்டில் இருப்பது போல, அழியாமல் அடுத்த முறைக்கும் அங்கேயே இருக்கும். ஒரே ஆள் எழுதும் வரை அந்த சிலேட்டு வசதியானது. இரண்டு த்ரெட்கள் உள்ளே நுழைந்தால், சிலேட்டு ஒன்று, எழுதுகிறவர் இரண்டு. இந்தக் குறுக்கு வழியை அனுமதிப்பதா வேண்டாமா என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கிறது. டாலர் குறி, ஜே என்ற எழுத்து, ஒரு கழித்தல் குறி. அதைப் போட்டால், யாராவது அந்த சிலேட்டில் எழுதும் இடத்தில் கம்பைலர் மேலே போகாமல் நின்றுவிடும்.

என் கணினியில் அதைப் போட்டேன். என்னுடைய யூனிட்களில் பதினோரு இடத்தில் நின்றது. பதினொன்றையும் திருத்தினேன். மேலாளரின் யூனிட் ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்தது. அதற்குள் என் சுவிட்ச் எட்டாது. அதனால் அவரிடமே போய்க் கேட்டேன். நாட்குறிப்பில் புரட்டாசி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை.

“சார், உங்க யூனிட்டுல ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி வர்ற வரைக்கும் ஏதாச்சும் தேங்கி நிக்குதா? ரெண்டு மெசினும் ஒண்ணா கூப்பிடும்.”

கடலை. தேய்த்தல். ஊதல்.

“ஒண்ணும் தேங்காதுய்யா. இருவது வருசமா ஓடுது.”

மூல நிரலைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் சோதனைக் கேபிள் ஒன்றுதான் இருந்தது. ஒரு கருவியைச் சோதித்துவிட்டு, கழற்றி, அடுத்ததில் மாட்டிச் சோதித்தேன். ஃபாரத்தில் ஒன்பதாவது கட்டம்: ‘இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில்’. டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம், புதன்கிழமை. ஏலத்தோட்ட வேலைக்கு தினமும் ஜீப்பில் மலையேறும் ஒரு அம்மாள் நான்கு நாள் காய்ச்சலோடு சின்னமனூர் கூடத்துக்கு வந்தார். அவருடைய ட்யூபின் எண் ஐம்பத்தேழு. பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று அறிக்கை வந்தது. அந்த எண்ணிக்கைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை ஈறிலிருந்து ரத்தம் வழிய மயங்கி விழுந்தவரைத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். பிழைக்காமலும் போயிருக்கலாம்.

சனிக்கிழமை அவருடைய உறவினர்கள் கூடத்தின் முன்னால் திரண்டார்கள். அன்று மாலையே கூடத்தின் டாக்டர் தீர்ப்பு சொல்லிவிட்டார். பரிசோதனையாளர் ட்யூபை மாற்றி வைத்துவிட்டார், அவரை நிறுத்தியாயிற்று. எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரே ஒரு வேண்டுகோள்: ஈஸ்வரி என்ற பெயரில் உள்ள லாகினை நீக்குங்கள். நான்தான் நீக்கினேன். அரை நிமிட வேலை.

செவ்வாய்க்கிழமை ஈஸ்வரி தன் கணவரோடு பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஆள் இல்லை என்று சொல்லியனுப்பும்படி மேலாளர் வரவேற்பறைக்குச் சொன்னார். டீ குடிக்கப் போன நான் மாடிப்படியில் எதிர்ப்பட்டேன். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு நீள நோட்டு.

“சார், நான் ட்யூப மாத்திப்புட்டேன்னு டாக்டரு நிறுத்திட்டாக. மாத்தல சார். இந்தா, மெசினு அடிச்ச சீட்டு. அம்பத்தேழு, பதினாலாயிரம். உங்க கம்ப்யூட்டரு அடிச்சது ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். அன்னைக்கே ஏன் சீட்டப் பாக்கலன்னு கேக்காதீக. ஒரு காலையில நூத்திருவது பேரு. இனிமே சீட்டப் பாக்க வேணாம், கம்ப்யூட்டரப் பாத்தாப் போதும்னு உங்க ஆபீசுலருந்துதான் வந்து சொல்லிக் குடுத்தாக.”

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“காட்டாம இருப்பேனா? மெசின்ல நம்பரு அடிக்கிறதும் நீதான, அதையும் தப்பா அடிச்சிருப்பேன்னு சொல்லிப்புட்டாக.”

கணவர் வேன் ஓட்டுகிறவர். இப்போது என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “ஏ ஈஸ்வரி, கேபிள இறுக்கி மாட்டச் சொன்னாகளே, அந்தச் சாரு இவுகதானா? நல்லா இறுக்குனீக சார். எங்க கழுத்துலதான் இறுக்கியிருக்கு.”

எனக்கு முதலில் புரியவில்லை. புதிய கருவி வந்த பிறகு சில சமயம் ஒருவருடைய பிளேட்லெட் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். ஈஸ்வரி அந்த ட்யூபை மறுபடி ஓட்டுவார். எங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்து சொல்லியிருக்கிறார். மேலே போய்ப் புகார்ப் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. மூன்றாவது என் கையெழுத்தில்: ‘கேபிளை இறுக்கச் சொல்லப்பட்டது.’

கீழே வந்து அந்த நோட்டை வாங்கினேன். காலி விழுந்த ஒவ்வொரு நாளையும் எழுதி, அன்றைய சீட்டுகளை ஒட்டியிருந்தார். கருவியின் சீட்டு வெயில் பட்டால் வெளுத்துப் போகும் என்பதால் ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் வாழ்நாள் முழுக்கக் குறிப்பெடுத்தவன்; அப்படி ஒரு நோட்டை நான் வைத்ததில்லை.

அந்தப் புதன்கிழமைப் பக்கம். நாற்பத்தொன்று: ஹீமோகுளோபின் பதினான்கு, பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஐம்பத்தேழு: ஹீமோகுளோபின் பத்து, பிளேட்லெட் பதினாலாயிரம். பக்கத்தில் பேனாவில், ‘41 கம்ப்யூட்டரில் பிளேட்லெட் காலி. மறுபடி ஓட்டினேன்.’ அந்த அம்மாளுக்கு அச்சாகிப் போன அறிக்கையின் நகலையும் வைத்திருந்தார். அதில் ஹீமோகுளோபின் பத்து. பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

இரண்டு சீட்டையும் அறிக்கையோடு ஒப்பிட்டேன். ட்யூபை மாற்றியிருந்தால் இரண்டும் மாறியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் அந்த அம்மாளுடையது. பிளேட்லெட் மட்டும் நாற்பத்தொன்றாம் ஆளுடையது. எந்தக் கையாலும் ஒரு ட்யூபில் பாதியை மட்டும் மாற்றி வைக்க முடியாது. மெதுவான கருவி நாற்பத்தொன்று என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வேகமான கருவி ஐம்பத்தேழு என்று சொல்லித் தன் கதையை முடித்துவிட்டது. சிலேட்டில் நின்ற எண் ஐம்பத்தேழு. மெதுவான கருவி கடைசியாகச் சொன்ன பிளேட்லெட், அங்கே இருந்த பதினாலாயிரத்தை அழித்துவிட்டு, அந்த எண்ணில் போய் ஏறியது.

“நான் மாத்தலதான சார்?”

“நீங்க மாத்தலம்மா.”

“அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும் போகுது. எழுதி மட்டும் குடுங்க.”

நிரூபித்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் பணத்தில் இன்னொரு கேபிள் வாங்கினேன். இரண்டு பழைய மடிக்கணினிகளைக் கருவிகளைப் போலப் பேச வைத்து, ஒன்றை மெதுவாகவும் ஒன்றை வேகமாகவும் ஓடவிட்டேன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு முதல் கலப்பு விழுந்தது. ஐந்தரைக்குள் இன்னும் இரண்டு. அச்செடுத்துத் திங்கட்கிழமை மேலாளர் முன்னால் வைத்தேன். அவர் கடலையை எடுக்கவில்லை. துணியை விலக்கி, என் முன்னாலேயே தன் யூனிட்டைத் திறந்தார். திரையில் பத்தாவது வரியிலேயே இருந்தது, ட்யூப் எண்ணைத் தேக்கி வைக்கும் அந்தக் குறுக்கு வழி.

“அப்ப ஒரு மெசினுதானய்யா இருந்துச்சு” என்றார்.

உண்மைதான். அதை எழுதிய காலத்தில் அது தப்பே இல்லை. அந்த வரிக்காக அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. நாற்பது நிமிடத்தில் திருத்தினோம். அன்று மாலையே பதினேழு கூடங்களுக்கும் புதிய பதிப்பு போனது. கூடவே போன குறிப்பை அவர்தான் எழுதினார்: ‘வேகம் மேம்படுத்தப்பட்டுள்ளது.’

“சார், சின்னமனூருக்கு ஒரு லெட்டர் குடுக்கணும். அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு.”

“குடுத்தா அந்த ஒரு லேப்போட நிக்குமாய்யா? எல்லாரும் பழைய ரிப்போர்ட்டத் தூக்கிட்டு வருவாக.”

“வரட்டும் சார். இதே மாதிரி ரெண்டு மெசின் மாட்டுன எடம் எதுன்னு பாக்கணும்ல?”

“அங்கன மட்டும்தான் மாட்டுனோம். அதுவும் இன்னைக்குச் சரியாப்போச்சு. அந்தம்மா பொழச்சுக்கிருச்சு. இந்தப் பொண்ணு வேற லேப்புல சேந்துக்கும்.” அதன் பிறகு கடலையை எடுத்தார். தேய்த்தார். ஊதினார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபாரத்தை வெளியே எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார். “லெட்டரு போட்டா இதையும் சேத்துத்தான் அனுப்பணும். இது யாரு கையெழுத்து?”

சத்தம் போடவில்லை. கேட்டது அவ்வளவுதான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கடிதம் போகவில்லை. ஈஸ்வரி அதற்கப்புறம் இரண்டு முறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். முதல் முறை மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை விடுப்பில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அன்று நான் என் மேஜையில்தான் இருந்தேன். இரண்டு நாளும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

அந்த யூனிட்டை மேலாளர் என்னிடம் ஒப்படைத்தார். பரிசு மாதிரி. முதல் வேலையாக அந்த சுவிட்ச் வரியை அமைப்புக் கோப்பில் வைக்காமல் யூனிட்டின் தலையிலேயே வைத்தேன். எந்தக் கணினியில், யார் கம்பைல் செய்தாலும் அது காவல் நிற்கும். பக்கத்தில் ஈஸ்வரியின் பெயரை எழுதினேன். கோயில் கல்வெட்டுகளைப் பற்றி நிறையப் படித்தவன் நான். கொடையை எழுதி முடித்த பிறகு, இதை அழிப்பவன் இன்ன பாவம் அடைவான் என்று கடைசியில் ஒரு வரி வெட்டியிருப்பார்கள். அந்த நினைப்பில்தான் எழுதினேன். அன்றைய நாட்குறிப்பில், ‘செய்ய வேண்டியதைச் செய்தேன்’ என்றும் எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடம் கழித்து அதைப் படிக்கும்போது நோட்டைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

இந்த வாரம் வியாழக்கிழமை ஈஸ்வரியைத் தேடிப் போனேன். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைக் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டத்தின் எண்ணை எழுதி, அதையே ஒரு நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“மீட்டிங் முடிஞ்சிருச்சா சார்?” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று போனை எடுக்காததைச் சொன்னேன். ஃபாரத்தைச் சொன்னேன். யூனிட்டின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் தன் பெயர் இருந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

“நானு கம்பத்துல ஒரு லேப்பு, போடியில ஒரு லேப்பு ஏறி எறங்குனேன் சார். ‘ட்யூப மாத்துனவகதான நீங்க’ன்னு கேட்டாக. அந்த நேரத்துல என் பேர இங்கன எழுதி வச்சிருந்தீகளாக்கும்.” தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். “கம்ப்யூட்டருக்குள்ள எழுதுனா அத யாரு சார் படிப்பாக? எங்க தெருவுல படிப்பாகளா? என் மாமியா வீட்டுல படிப்பாகளா?”

தாளைச் சட்டைப் பையில் வைத்தேன்.

“எழுதுறதா இருந்தா பேப்பருல எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார்.

வெள்ளிக்கிழமை விக்னேஷ் அழைத்தார். “வரிய எடுக்கல சார். புது மெசினுக்காக நாங்க சேத்த கோட்லதான் நிக்குது. மூணு எடத்துல அதே குறுக்கு வழி. மூணையும் மாத்திட்டேன்.” வரி தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை எழுதியவன்தான் செய்யவில்லை.

எங்கள் மேலாளர் பெரியகுளத்தில் நலமாக இருக்கிறார். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. படிக்கட்டும்.

ஈஸ்வரி கேட்ட தாள் இது. ஒன்பது வருடங்களுக்கு முன், ஐப்பசி இரண்டாம் வாரம் புதன்கிழமை, சின்னமனூர்க் கூடத்தில் ஐம்பத்தேழாம் எண் ட்யூபை ஈஸ்வரி மாற்றவில்லை. எங்கள் புரோகிராம் மாற்றியது. சோதிக்காததைச் சோதித்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தவனும் நான்.

சுப்பையா.